தூண் கேட்காத கேள்வி

"சாப்டாச்சா?" என்று தூண் கேட்டது.

"ஆச்சு," என்றார் அமலோர்.

ஆகவில்லை. முந்தின நாள் வடித்த சோறு அடுப்பின் மேல் மூடியபடியே இருந்தது. தட்டில் போட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சாப்டாச்சா என்று ஒருவர் கேட்டால் ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும். ஐம்பத்து நான்கு வயதுவரை அவர் வேறு பதில் சொன்னதில்லை. புதுச்சேரி நெல்லித்தோப்பில் அவர் பிறந்து வளர்ந்த தெருவில் வேறு பதில் சொன்ன ஒருவரையும் அவர் பார்த்ததில்லை.

தூணின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. அமலோர் இன்றும் நலம் என்று பதிவாகிவிட்டது.

செவித்தூண் என்பது ஆளுயரத்தில் சாம்பல் நிறத்தில் நிற்கும் ஓர் இயந்திரம். பாலைவனத்தின் தெற்கு விளிம்பில் கிணறு இருக்கும் ஊரிலெல்லாம் இப்போது ஒன்று நிற்கிறது. அதை நட்டவர்கள் பிரெஞ்சு பேசும் பதினெட்டு நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பினர். அதற்கு முன்பு இருபது வருடம் அவர்கள் ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பு இல்லாமல் வளர்ச்சி வராது என்றனர் படைத்தளபதிகள். வளர்ச்சி இல்லாமல் பாதுகாப்பு வராது என்றனர் பொறியாளர்கள். பிரெஞ்சு இந்த மாதிரிச் சண்டைக்கு மிகவும் வசதியான மொழி. ஒரு முடிவுக்கும் வராமல் மாநாட்டை அழகாக முடித்துவிடலாம். கடைசியில், எந்த ஊருக்கு எது முதலில் வேண்டும் என்பதை அந்த ஊரையே கேட்டுவிடலாம் என்று யாருக்கோ தோன்றியது. கேட்பதற்கு மனிதர்களை அனுப்பினால் வழியில் ஆயுதக் குழுக்காரர்கள் சுட்டுவிடுகிறார்கள். அதனால் தூண்.

தினமும் காலையில் தண்ணீருக்கு வருகிறவர்களிடம் அவரவர் மொழியில் தூண் நலம் விசாரிக்கும். பதிலையும் பதில் சொன்ன குரலின் நடுக்கத்தையும் சேர்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று அமைதி எண் போடும். எண் ஐம்பதுக்குக் கீழே போனால் அந்த ஊருக்கு மேலே காவல் பறவிகள் வட்டமிடும். பறவி என்றால் ஆளில்லாமல் பறந்து, பார்த்து, தேவைப்பட்டால் சுடும் இயந்திரம். தொடர்ந்து மூன்று வருடம் தொண்ணூற்றைந்துக்கு மேலேயே நின்றால் பறவிகள் வேறு வட்டாரத்துக்குப் போய்விடும். அவற்றுக்குப் பதிலாகச் சாலையும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வரும். அச்சத்துக்குக் காவல், அமைதிக்குச் சாலை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மாலி நாட்டில் நாற்பத்தொரு தூண்களைப் பராமரிக்கும் நிலையம் ஒன்றில் அமலோர் வேலை பார்த்தார். மனைவி இறந்த அடுத்த வருடம், பிரான்சில் இருக்கப் பிடிக்காமல் வந்தவர். வந்தபோது நான்கு பேர் இருந்தார்கள். வட்டாரத்தின் அமைதி எண் ஏற ஏற ஆட்கள் தேவையில்லை என்று ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். கடைசி ஆள், பெனின் நாட்டுக்காரர், போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. துலூஸ் நகரில் இருக்கும் மகள் செலீனிடம் அமலோர் இதைச் சொல்லவில்லை. அவளுடைய கணக்கில் அப்பாவோடு இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சீட்டாடுகிறார்கள்.

ஊழியர்களிடமும் தினமும் நலம் விசாரிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நிலையத்துக்குள்ளும் ஒரு தூண் இருந்தது. தொலைபேசியும் அதன் வழியாகத்தான். தனிமை தாங்காமல் ஒரு நாள் அமலோர் அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். ஆயிரம் கிலோமீட்டர் சுற்றளவில் தமிழ் பேசும் ஒரே வாய் அது. அதற்கும் வாய் கிடையாது.

சுவரில் ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்கியது. அது அமலோர் எழுதிய விதிக்காகக் கிடைத்தது. ஆரம்பத்தில் தூண்கள் தொட்டதற்கெல்லாம் கலவரப்பட்டன. காய்ச்சலில் ஒரு கிழவருடைய குரல் நடுங்கினால் அச்சம் என்றன. அந்த ஊர்களில் குறிப்பிட்ட இரண்டு குலத்தார் சந்தித்தால் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி கேலி செய்வது முறை; செய்யாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. "அவரைக்காய் தின்னி, நீ எனக்கு அடிமைடா" என்று ஒருவர் பாசத்தோடு சொல்ல, தூண் அதைப் பகை என்று எடுத்துக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்கு மேலே ஆறு பறவிகளை அனுப்பிவிட்டது. அதன் பிறகுதான் அமலோர் எழுதினார்: ஒரு மனிதர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சொல், இயந்திரத்தின் ஊகத்துக்கும் பிறருடைய ஊகத்துக்கும் மேலானது. ஒரே நாளில் ஒருவர் மாற்றிச் சொன்னால் பிந்திய சொல்லே செல்லும். மூன்றாவது சொல்லை மறுநாள்தான் சொல்லலாம்.

மனித மாண்பைக் காத்த விதி என்று கூட்டமைப்பு அதைப் புகழ்ந்தது. வட்டாரத்தின் அமைதி எண் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. மூன்று வருடமாக இறங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிலையத்துக் கூரையில் இருக்கும் ஆறு பறவிகளும் இந்த வட்டாரத்தை விட்டுப் போகின்றன என்று நாற்பத்தொரு தூண்களும் வாழ்த்தோடு அறிவித்தன.

செவ்வாய்க்கிழமை காலை நியெலே வந்தாள். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிராபுகு கிராமத்தில் கிணற்றுக் குழுவின் தலைவி அவள். சூரிய ஒளி பம்பின் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும். அமலோருக்கு ஊரார் குலிபாலி என்று குலப்பெயர் கொடுத்திருந்தார்கள், குலம் இல்லாத மனிதனை எப்படிக் கூப்பிடுவது என்று. குலிபாலிகள்தாம் அந்த அவரைக்காய் தின்னிகள். நியெலேயின் குலத்துக்கு அவர்களைக் கேலி செய்யும் உரிமை உண்டு. அன்று அவள் கேலி செய்யவில்லை. அமலோர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். பாதியைக் குடித்துவிட்டு அவள் வழக்கம்போல நலம் விசாரிக்கத் தொடங்கினாள். இரவு எப்படிப் போயிற்று, வேலை எப்படி, மகள் எப்படி, தூரத்தில் இருக்கும் ஊர் எப்படி. எல்லாவற்றுக்கும் "அமைதி மட்டும்தான்" என்று அமலோர் சொன்னார். பிறகு அவர் கேட்டார். வீடு, கணவர், பிள்ளைகள், ஆடுமாடுகள். எல்லாவற்றுக்கும் அவளும் "அமைதி மட்டும்தான்" என்றாள். பம்பரா மொழியில் நல விசாரிப்புக்கு அது ஒன்றுதான் பதில். ஐந்து நிமிடம் ஆயிற்று.

அவள் எழுந்து போவாள் என்று அமலோர் பார்த்தார். அவள் போகவில்லை. மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டுக் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. பேச ஒன்றும் இல்லாமல், சும்மா, "வேற என்ன சேதி?" என்றார்.

"எட்டு மாசமா அவங்க வர்றாங்க," என்றாள் நியெலே.

ஆயுதக் குழுக்காரர்கள் பறவிகளின் கண்ணில் படாமல் ஓரிருவராக நடந்து வருகிறார்களாம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. இப்போது பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில் பன்னிரண்டு பேரைக் கேட்டிருக்கிறார்கள், ஆணும் பெண்ணுமாக. வெள்ளிக்கிழமை பறவிகள் போனதும் மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். பறவிகள் போகும் நாளையும் மணியையும் தூணே ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறதே. ஓடிப் போகலாம் என்றால், பெரிய ஊர் தொண்ணூறு கிலோமீட்டர். வழியெல்லாம் அவர்கள் ஆட்கள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி நியெலேயின் மகள் தெனென்.

அமலோர் எண்ணிப் பார்த்தார். எட்டு மாதமாகத் தினமும் இந்தப் பெண் தூணிடம் அமைதி என்று சொன்னாளே. அவள் குரல் நடுங்கியிருக்கும். தூணுக்கு அது தெரிந்திருக்கும். நடுக்கத்தைக் கணக்கில் எடுக்காதே என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"தூண்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"அது எங்க கேட்டுச்சு? நலமான்னு கேக்குது. யாராவது அதுக்கு நலமில்லன்னு பதில் சொல்லுவாங்களா? வந்தவங்க உக்காரணும், தண்ணி குடிக்கணும், அப்புறம் வேற என்ன சேதின்னு கேக்கணும். அப்பத்தான் சேதிய சொல்லலாம். உங்க தூண் மூணு வருஷமா நிக்குது. ஒரு நாளும் உக்காந்து தண்ணி குடிக்கல. ஒருத்தர் பதில் சொன்னதும் அடுத்த ஆள கூப்பிடுது." சற்று நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "அமைதின்னு சொன்னாத்தான் சாலை வரும், ஆஸ்பத்திரி வரும்னு உங்க ஆளுங்களே வந்து சொல்லிட்டுப் போனாங்க."

அவள் போனதும் அமலோர் தலைமையகத்துக்குப் பேசினார். மதாம் கபோரே என்ற அதிகாரி நல்ல பெண்மணி, முழுதும் கேட்டார், வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்: சிராபுகுவில் இருநூற்று எழுபது பேர் மூன்று வருடம் தங்கள் வாயாலேயே அமைதி என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பயப்படுகிறார்கள் என்று நீங்கள் சொல்வது பிறருடைய ஊகம். உங்கள் விதிப்படியே அது செல்லாது, மிஸியே அமலோர். தூண் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும் என்ற உங்கள் யோசனை அருமையானது, மனு அனுப்புங்கள், குழு மூன்று மாதத்தில் கூடுகிறது. அதற்குள் அவர்களே தூணிடம் அச்சம் என்று சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் பறவிகள் போகாமல் இங்கேயே நிற்கும்.

புதன்கிழமை காலை அமலோர் கிணற்றடிக்குப் போனார். பெண்களிடம் கெஞ்சினார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை. அவர்களுக்கும் புரிந்தது. நியெலேதான் முதலில் போய் நின்றாள்.

தூண் நலம் விசாரித்தது. அவள் வாயைத் திறந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அமைதி மட்டும்தான்," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். நியெலேயும் சிரித்தாள், பிறகு மேல்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்தவளும் அப்படியே சொன்னாள். அதற்கடுத்தவள் பேசாமல் நின்றுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். சொந்த வீட்டில் அமைதி இல்லை என்று நலம் விசாரிப்பவரிடம் சொல்வது அந்த வீட்டுக்குக் கேட்டை வரவழைப்பது என்று அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். வரிசையில் நிற்பவர்களில் யார் அந்த ஆட்களுக்குச் சேதி கொண்டுபோவார் என்ற பயம் வேறு. அமலோருக்குக் கோபம் கோபமாக வந்தது. பெற்ற பிள்ளைக்காக ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்ல வராதா? நான்கு கிலோமீட்டரும் அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார்.

வியாழக்கிழமை முழுவதும் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மாலையில் அது கிடைத்தது. நிலைய ஊழியர் ஒருவர் தனக்கு அச்சம் என்று தூணிடம் சொன்னால், அச்சம் நீங்கியதாக அவரே சொல்லும்வரை அந்த நிலையத்துப் பறவிகளை நகர்த்தக் கூடாது. ஊழியரின் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பது அடுத்த வரி. அதை அவர் படித்தார், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருக்கே வியப்பாக இருந்தது. தினமும் தன்னிடமும் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது, அதற்குத் தானும் உண்மையைச் சொல்லலாம் என்பது மூன்று வருடமாக அவருக்குத் தோன்றவே இல்லை. அதைவிட வியப்பு, பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்பது. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. பெனின்காரர் போன நாளிலிருந்து இருந்தது. அப்படியே செலீனையும் நினைத்துக்கொண்டார். அவளும்தான் ஞாயிறுதோறும் நல்லா இருக்கேன்ப்பா என்கிறாள். அதோடு விட்டுவிடுகிறோமே. இந்த ஞாயிறு வேறு என்ன சேதி என்று அவளைக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நியெலே வந்துவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். கூரையில் ஆறு கூடுகளின் மூடிகளும் திறக்கத் தயாராக முனகின. மணி ஆறு ஐம்பது.

அமலோர் தூணின் முன்னால் போய் நின்றார்.

"சாப்டாச்சா?"

நாக்கு நுனிவரை ஆச்சு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினார். புதன்கிழமை நியெலேமேல் பட்ட கோபம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"இல்ல," என்றார். "சாப்பிடல. நான் நல்லா இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

 அந்தத் தூணிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "உங்கள் சொல் ஏற்கப்பட்டது. காவல் பறவிகளின் புறப்பாடு நிறுத்தப்பட்டது," என்றது. கூரையில் மூடிகள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நியெலே மேலே பார்த்து ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணினாள். ஆறும் அடைத்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அமலோரால் முடியவில்லை. இங்கே ஒருத்தருமில்லை என்றார். பதினான்கு மாதமாகத் தனியாகத் தின்று தனியாகத் தூங்குகிறேன் என்றார். தண்ணீர்த் தொட்டி இடிந்து விழுந்து கீழே மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்றார். செத்துப்போன மனைவியின் பெயரைச் சொன்னார். கேட்கிறவள் ஒரு வார்த்தை தமிழ் தெரியாத நியெலே, பதிவு செய்வது தூண். இருந்தாலும் சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாயிற்று. அவர் அழுதார். நியெலே எழுந்து வந்து தண்ணீர்க் குவளையை அவர் கையில் கொடுத்தாள். இனி ஊர் தப்பித்தது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது தூண் மணி அடித்தது. அழைப்பு துலூஸிலிருந்து.

"அப்பா! என்னாச்சுப்பா? என்னமோ மெசேஜ் வந்திருக்குது, நீங்க பயப்படுறதா. உடம்புக்கு என்ன?" செலீனின் குரல் தூக்கத்திலிருந்து எழுந்த குரல், நடுங்கியது. "அப்பா, பேசுங்கப்பா. நல்லா இருக்கீங்கதானே?"

அவளுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்தபோது கேட்ட அதே குரல். அமலோர் யோசிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன். ஒரு பயமும் இல்ல. மெஷின் ஏதோ உளறியிருக்கும்."

"நெஜமாவா? கூட எல்லாரும் இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க. நீ போய் வேலைய பாரு."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. சரிப்பா என்றாள், வைத்துவிட்டாள்.

தூணின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. "மகிழ்ச்சி. உங்கள் பிந்திய சொல் ஏற்கப்பட்டது," என்றது அது.

என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாய்ந்து தூணைப் பிடித்துக்கொண்டார். இல்லை, பயமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று நான்கு முறை கத்தினார். தூண் பொறுமையாகக் கேட்டது. "நாளைக் காலை கேட்கிறேன்," என்றது, அவர் சொல்லிக்கொடுத்த தமிழில். மதாம் கபோரேயைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அலுவலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும்.

கூரையில் மூடிகள் திறந்தன. ஏழு மணிக்கு ஆறு பறவிகளும் எழும்பி, நிலையத்தின் மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் தெற்கே போயின. சத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் தண்ணீர்த் தொட்டியில் சொட்டும் ஓசை மட்டும் மிஞ்சியது.

நியெலே வாசலில் நின்று பறவிகள் போன திசையைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"பொண்ணா பேசினா?"

"ஆமா."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

அமலோர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். "அமைதி மட்டும்தான்னு சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பம்புச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"புள்ளகிட்ட வேற எப்படிச் சொல்ல முடியும்," என்றாள்.

தெனெனிடம் போக வேண்டும் என்று அவள் வேகமாக நடந்தாள். அமலோர் கதவைக்கூடச் சாத்தாமல் அவள் பின்னாலேயே போனார். சிராபுகு கிணற்றடிக்கு அவர்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. வடக்கே ஊரை நோக்கி வரும் மோட்டார் சைக்கிள்களின் புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. ஆள் வந்ததை அறிந்து தூண் கண் விழித்தது. நியெலேயிடமும் பிறகு அவரிடமும் நலம் விசாரித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது.